கலியாண வீட்டு மேளமும் மாப்பிள்ளை அனுப்பிய பாட்டுப் பட்டியலும்

வாசகர் கேள்வி: என் மகளின் திருமணம் வருகிற ஆவணி மாதத்தில் கோண்டாவிலில் ஒரு மண்டபத்தில், காலை முகூர்த்தத்தில் நடைபெற இருக்கிறது. மாப்பிள்ளை ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவர். அவர் 14 பாட்டுகள் அடங்கிய பட்டியல் ஒன்றை அனுப்பி, தான் மண்டபத்துக்குள் வரும்போது மல்லாரி வாசிக்க வேண்டும், மகள் வரும்போது மேல்நாட்டுக் கலியாண மெட்டு ஒன்று வேண்டும், மற்ற நேரங்களில் சினிமாப் பாட்டுகளை நாதஸ்வரமும் கீபோட்டும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். என் கணவரின் தமையனார், மேளத்தைத் தவிர வேறு எதுவும் மணவறைக்குக் கிட்ட வரக்கூடாது என்று நிற்கிறார். மகளோ தன் தோழி ஒரு தேவாரம் பாடினால் போதும் என்கிறாள். யாருடைய மனமும் நோகாமல் எதை எந்த இடத்தில் வைப்பது? ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் போதுமா?
— ஒரு தாய், கோண்டாவில்

அன்புடைய அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தையும் மாப்பிள்ளையின் பட்டியலையும் இரண்டு தடவை வாசித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோயில்களிலும் கலியாண வீடுகளிலும் நாதஸ்வரம் வாசித்து வருகிறவன் என்ற வகையில் சொல்கிறேன்: அவர் கேட்டிருப்பவற்றில் பெரும்பாலானவை செய்யக்கூடியவையே; பெரியவர் அஞ்சுவதுபோல அவற்றால் சடங்கு கெட்டுவிடப் போவதில்லை. ஆனால் இருவருமே எந்தப் பாட்டு வேண்டும், எது வேண்டாம் என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். கலியாண மேளத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, வாத்தியம் எந்தெந்த இடத்தில் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதுதான். அதைக் குருக்களிடம் கேட்டு எழுதிக்கொண்டீர்களானால், மிஞ்சியிருக்கும் நேரத்தில் எதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது உங்கள் வீட்டார் எல்லோருக்கும் ஒரே தாளில் தெரிந்துவிடும்.

ஓய்ந்திருக்க வேண்டிய இடங்களில் முதன்மையானது கன்னிகாதானம். குருக்கள் இரு வீட்டாரின் கோத்திரத்தையும், மணமக்களின் தந்தை, பாட்டனார், பூட்டனார் பெயர்களையும் மும்முறை சொல்லித் தாரை வார்ப்பிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான், உயிரோடில்லாத பெரியவர்களின் பெயர்கள் அந்தச் சபையில் ஒலிக்கின்றன. அப்போது தவில் முழங்கினால் அந்தப் பெயர்கள் யாருடைய காதிலும் விழாமற் போய்விடும். நான் அந்த இடத்தில் நாதஸ்வரத்தை மடியில் கிடத்திவிடுவேன். சுருதி மாத்திரம் மெல்லப் போய்க்கொண்டிருக்கும். நீர் வார்த்து முடிந்ததும் குருக்கள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார், அதன் பிறகுதான் மேளம். சங்கல்பம் சொல்லும்போதும், ஏழடி வைக்கும்போது ஒவ்வொரு அடிக்குமான மந்திரத்தின் பொருளைக் குருக்கள் தமிழில் விளக்க விரும்பினால் அங்கேயும், இதே ஒழுங்கு பொருந்தும். மாப்பிள்ளைக்குச் சடங்குகள் புதியவை என்பதால் அந்த விளக்கம் அவருக்கு எந்தப் பாட்டையும்விட உதவியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறாக, மேளத்தைத் தவிர வேறு எந்த ஒலியும் இருக்கக்கூடாத இடம் தாலிகட்டு. கெட்டிமேளம் என்பது பாட்டு அல்ல. தும்மலோ, குழந்தையின் அழுகையோ, யாரோ யாருக்கோ சொல்லும் வேண்டாத ஒரு சொல்லோ அந்த நொடியில் மணமக்களின் காதில் விழாதபடி தவில்கள் சேர்ந்து எழுப்பும் காப்பு அது. ஆகையால் பதிவு செய்த பாட்டையோ, கீபோட்டையோ, ஒலிபெருக்கியில் யாராவது பேசும் வாழ்த்தையோ அந்த இடத்தில் கலக்க வேண்டாம். இந்த ஒரு விடயத்தில் உங்கள் பெரியவர் சொல்வது முழுவதும் சரி.

தாலிகட்டில் எங்களுக்குள்ள தொல்லை வேறு வகையானது. சில ஆண்டுகளுக்கு முன் வலிகாமத்தில் ஒரு திருமணத்தில் மேளத்துக்கு மணவறையின் பின்பக்கம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். முன்னால் வீடியோ எடுப்பவர்களும் அவர்களுடைய விளக்குக் குடைகளும். எனக்குக் குருக்களின் கையும் தெரியவில்லை, மாப்பிள்ளையின் கையும் தெரியவில்லை. யாரோ ஒருவர் கையை உயர்த்தி “கெட்டிமேளம்” என்றார், தவில்காரர் இருவரும் தொடங்கிவிட்டார்கள். ஆனால் வீடியோக்காரர் மாப்பிள்ளையிடம் தாலியைப் பிடித்தபடியே தன் பக்கம் பார்க்கும்படி கேட்டு, அதன் பிறகு அம்மாவைப் பார்க்கும்படி கேட்டு, பின்னர் விளக்கை நகர்த்தி, மறுபடியும் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். கெட்டிமேளம் ஓட்டப்பந்தயம் போன்றது, அதே வேகத்தில் நெடுநேரம் தாங்காது. உண்மையாகத் தாலி ஏறியபோது கைகள் சோர்ந்து, முழக்கம் பாதியாகிவிட்டிருந்தது. எனவே மண்டபத்தை அலங்கரிப்பவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: மேளகாரர் மணவறைக்குப் பக்கவாட்டில், குருக்களின் கை தெரியும் இடத்தில் இருக்க வேண்டும், இடையில் எவரும் நிற்கக்கூடாது. சைகை காட்டும் பொறுப்பை ஒரே ஒருவரிடம், முடிந்தால் உங்கள் கணவரின் தமையனாரிடமே கொடுத்துவிடுங்கள்.

இனிச் சினிமாப் பாட்டுகள். நமது சடங்கு முறையில் இவற்றுக்கென்றே வைத்ததுபோல ஓர் இடைவெளி இருக்கிறது. கூறையைத் தட்டில் வைத்துக் கொடுத்த பின் மகள் அதை உடுத்துக்கொண்டு வருவதற்காக உள்ளே போவாள். அதே நேரத்தில் தாலியைச் சபையினரிடம் ஆசீர்வாதத்துக்காகக் கொண்டு செல்வார்கள். கூறை உடுத்துவதற்குக் கால் மணித்தியாலம் என்று எல்லோரும் சொல்வார்கள். அரை மணித்தியாலத்துக்குக் குறைந்து நான் கண்டதில்லை. மாப்பிள்ளை மணவறையில் தனியே இருப்பார், சபை தன் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருக்கும், அடுத்த சடங்கு வரும்வரை குருக்களுக்கும் சற்று ஓய்வு. அவருடைய பட்டியலிலிருந்து நான்கு அல்லது ஐந்து பாட்டுகளை அங்கே தாராளமாக வாசிக்கலாம். அறுகரிசி இட்டு வாழ்த்துவதற்குச் சனம் வரிசையாக வரும் நேரம் இரண்டாவது இடம். பந்தி நடக்கும்போது மீதியைப் பதிவிலேயே போட்டுக்கொள்ளலாம்.

எந்தப் பாட்டுகள் என்பதில் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, ராகத்தில் ஊன்றிய மெட்டாக இருக்க வேண்டும். 1962ஆம் ஆண்டு வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் காருக்குறிச்சி அருணாசலம் அவர்கள் ஆபேரி ராகத்தில் வாசித்த பாட்டு இன்றும் கலியாண வீடுகளில் கேட்கப்படுகிறதென்றால், அந்த மெட்டு நாதஸ்வரத்தின் நெளிவுக்கு இடம் கொடுப்பதுதான் காரணம். கல்யாணி, மோகனம், ஆபேரி, சிந்துபைரவி போன்றவற்றில் அமைந்த பாட்டுகள் குழலில் இயல்பாக உட்காரும். தாளக் கருவிகளின் அடியை மட்டும் நம்பி நிற்கும் புதுப் பாட்டுகளை நாதஸ்வரத்தில் வாசித்தால் எலும்புக்கூடு மாத்திரம்தான் மிஞ்சும். பட்டியலில் உள்ள 3ஆவது, 8ஆவது, 11ஆவது பாட்டுகள் அந்த வகை. அவற்றைப் பந்தி நேரத்துக்கு விட்டுவிடலாம்.

இரண்டாவது சோதனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாதஸ்வரத்தில் சொல் இல்லை என்பது உண்மைதான், ஆனால் கேட்பவர்களின் மனத்தில் சொல் இருக்கிறது. ஒருமுறை மணமகன் வீட்டார் விரும்பிக் கேட்ட ஒரு பாட்டை, மெட்டு இனிமையாக இருந்ததால் யோசிக்காமல் வாசித்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கத் தொடங்கினார். படத்தில் அது மனைவியைப் பறிகொடுத்தவன் பாடுகிற பாட்டு. ஆச்சியோ அந்த ஆண்டுதான் கணவரை இழந்திருந்தார். ஆகையால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாட்டின் சொற்களையும், அது படத்தில் வரும் இடத்தையும் மகளை விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்டு குதிப்பதால் மாத்திரம் பாட்டு மங்கலமாகிவிடாது. இதே காரணத்தால் முகாரியை நாங்கள் கலியாணத்தில் எடுப்பதில்லை. உண்மையில் முகாரி அழுகைக்கென்றே பிறந்த ராகமன்று. சபரி பெற்ற பேற்றை வியந்து தியாகராஜ சுவாமிகள் பாடிய கீர்த்தனை முகாரியில்தான் இருக்கிறது. இருந்தாலும் ‘முகாரி பாடுதல்’ என்ற வழக்குச் சபையின் காதில் ஊறிப்போயிருக்கும்போது, மணவறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்கு நியாயம் சொல்ல முடியாது.

மல்லாரியைப் பற்றி மாப்பிள்ளையிடம் நீங்கள் பக்குவமாகப் பேச வேண்டும். அது கம்பீரநாட்டை ராகத்தில், சுவாமி புறப்பாட்டுக்கென்று அமைந்த உருப்படி. நல்லூரில் திருவிழாக் காலத்தில் கந்தன் வசந்தமண்டபத்திலிருந்து எழுந்தருளும்போது கேட்டால், அது யாருக்காக வாசிக்கப்படுகிறது என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. இன்று பல கலியாணங்களில் வாசிக்கிறார்கள், காணொளிகளிலும் வருகிறது. நான் வாசிப்பதில்லை, எனக்குக் கற்பித்தவர்களும் வாசித்ததில்லை. ஆனால் அவர் விரும்புவது அந்த மிடுக்கைத்தான் என்று எனக்குப் படுகிறது. நாட்டை ராகத்தைச் சுருக்கமாக ஆலாபனை செய்து, ஒரு பிள்ளையார் கீர்த்தனையைத் தவில் நிமிர்ந்து நிற்கும் வேகத்தில் வாசித்தால் அதே கம்பீரம் வந்துவிடும். தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மாப்பிள்ளை தோழனுக்கு மோதிரம் போட்டு, ஆராத்தி முடியும்வரை அதை நீட்டவும் முடியும்.

மேல்நாட்டு மெட்டைக் குறித்துப் பெரியவர் சொல்லக்கூடிய மறுப்பு ஒன்று. நான் சொல்வது வேறு. பட்டியலில் உள்ள மெட்டு, ஜெர்மானியரான வாக்னர் எழுதி 1850இல் வைமர் நகரில் முதன்முதலாக மேடையேறிய ‘லோஹென்கிரின்’ என்ற இசை நாடகத்தில் வருவது. அந்த நாடகத்தில் அது மணப்பெண் ஆலயத்துக்குள் வரும்போது பாடப்படுவதன்று. திருமணம் முடிந்து மணமக்களைப் பள்ளியறைக்கு அழைத்துச் செல்லும்போது பாடுவது. அன்றிரவே கேட்கக்கூடாத கேள்வி ஒன்றைப் பெண் கேட்க, இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். சொற்களைப் பார்த்துப் பாட்டைத் தெரிவு செய்யுங்கள் என்று தமிழ்ப் பாட்டுகளுக்குச் சொன்னது இதற்கும் பொருந்துமல்லவா? மாப்பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொன்னால் அவரே சிரித்துவிட்டு விட்டுக்கொடுப்பார். மாலை வரவேற்பில் கீபோட்காரர் அதை வாசிப்பதை நான் தடுக்கப்போவதில்லை. மகள் தோழியோடு மணவறைக்கு வரும் நேரத்துக்கு ஆனந்தபைரவியைத் தருவேன். மணமகளின் நடை வேகத்துக்கு அதைவிட இணங்கிப் போகிற ராகம் எனக்குத் தெரியாது. மண்டப வாசலில் சேலைக்கரை தடக்கி அவள் நின்றாலும் ராகமும் அவளோடு நின்று கொடுக்கும்.

நாதஸ்வரமும் கீபோட்டும் சேர்ந்து வாசிப்பதற்கு என்னுடைய பதில் வேண்டாம் என்பதே. இதற்குக் காரணம் மரபன்று, சுருதி. இப்போது நாங்கள் வாசிக்கும் பாரி நாதஸ்வரம் ஏறத்தாழ இரண்டு அல்லது இரண்டரைக் கட்டைச் சுருதியில் நிற்கும். கீபோட்டை அந்தக் கட்டைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள், மாற்றவும் முடியும். ஆனால் எங்கள் ஒலி பிறப்பது நாணலில் செய்த சீவாளியில். வாயில் ஊறும்போது ஒரு மாதிரியும், குளிரூட்டிக் காற்றில் காயும்போது வேறு மாதிரியும் அது பேசும். நாங்கள் உதட்டாலும் மூச்சாலும் நொடிக்கு நொடி சரிசெய்துகொண்டே போவோம். கீபோட் அசையாமல் ஓரிடத்தில் நிற்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு நூலிழை விலகினாலும், ஒலிபெருக்கியில் அது பல்லைக் கூசவைக்கும். இதைவிட, கமகம் என்று நாங்கள் சொல்லும் அசைவு கீபோட்டில் அழுத்தும் கட்டைகளுக்கு இடையில்தான் இருக்கிறது. கீபோட் வேண்டுமென்றால் மேளம் ஓய்வெடுக்கும் நேரத்தில் வயலினோடு தனியாக வாசிக்கட்டும். குளிரூட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது: அதன் காற்று நேரே படும் இடத்தில் எங்களை உட்கார வைக்க வேண்டாம், சீவாளிக்கும் ஆகாது, தவிலின் தோலுக்கும் ஆகாது. மூடிய மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு மைக்கும் தேவையில்லை. ஒலிபெருக்கிக்காரர் வற்புறுத்தினால், தவிலுக்குக் கிட்ட மாத்திரம் வைக்க விடாதீர்கள்.

உங்கள் மகள் கேட்டிருப்பதே எல்லாவற்றிலும் எளிது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். திருஞானசம்பந்தர் திருக்கழுமலத்தில் பாடிய “மண்ணில் நல்லவண்ணம் வாழலாம் வைகலும்” என்ற பதிகத்தைத் தோழி பாடட்டும். “பெண்ணின் நல்லாளொடும் பெருந்தகை இருந்ததே” என்று முடியும் அந்த முதற் பாட்டைவிட மணவறைக்குப் பொருத்தமான சொல் நம்மிடம் வேறு என்ன இருக்கிறது? அதன் பண் கொல்லி. இப்போது நவரோஜ் ராகத்தில் பாடுவார்கள். பெண் குரலின் சுருதி ஐந்து, ஐந்தரைக் கட்டை என்று போகும், எங்கள் குழல் அதற்கு ஏறாது. ஆகவே நாங்கள் கூடவே வாசிக்கிறோம் என்று அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். சுருதிப்பெட்டியும் ஒரு மைக்கும் போதும். மாலை மாற்றிப் பால்பழம் கொடுத்து முடிந்தபின், ஏழடிக்கு முன், சபை ஓரளவு அமைதியாக இருக்கும் இடத்தில் இதை வையுங்கள். இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம், ஓமம் காத்திருக்கிறது. அவர் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வாய்ப்பாட்டுப் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இதற்கு மேல் நான் சொல்வது அதிகப்பிரசங்கம்.

இணையத்தில் காணும் ‘கல்யாணப் பாட்டு’ப் பட்டியல்களைப் பார்த்து ஊஞ்சல் பாட்டும் லாலியும் வேண்டும் என்று யாராவது சொன்னால், அவை தமிழ்நாட்டில் ஊஞ்சலில் மணமக்களை இருத்திச் செய்யும் சடங்குக்கு உரியவை என்று சொல்லிவிடுங்கள். நமது கலியாணத்தில் ஊஞ்சல் இல்லை. இங்கே திருவூஞ்சல் கோயிலில் சுவாமிக்குப் பாடுவது.

ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கலுக்கு அது போதும். திருமணத்தன்று இரண்டு நாதஸ்வரமும், இரண்டு தவிலும், தாளக்காரரும் கொண்ட முழு செற் வேண்டும். மூன்று மணித்தியாலம் ஒருவரே ஊதினால் தாலிகட்டுக்கு வரும்போது மூச்சு இருக்காது. ஒரு தவிலில் கெட்டிமேளமும் நிறையாது. இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்குப் பேர்போன ஊர்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அவர்கள் (1933–1975) வளர்ந்த மண்ணில் தவிலைச் சிக்கனப்படுத்துவது எனக்கு ஒப்பாது. இது தொழில் பற்றில் சொல்வது என்று எடுத்துக்கொண்டாலும் குறையில்லை. நல்லூர்த் திருவிழா ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேற்றத்தோடு தொடங்கி 25 நாட்கள் நடக்கும். ஊர்க் கோயில்களின் திருவிழாக்களும் அதைச் சுற்றியே வரும். ஆவணி முகூர்த்தத்துக்கு மேளகாரரை இந்த மாதமே பேசி அச்சவாரம் கொடுத்துவிடுங்கள். பேசும்போது கூலியோடு சேர்த்து, எத்தனை மணிக்கு வருவது, எப்போது முடிப்பது, பட்டியலில் எத்தனை பாட்டு என்பவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கேட்ட சினிமாப் பாட்டுகளின் பதிவைக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் அனுப்புங்கள். மணவறையில் கைபேசியைக் காட்டி “இதை வாசியுங்கோ” என்றால் யாராலும் நன்றாக வாசிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாசித்தவர்களைக் கடைசிப் பந்திவரை காத்திருக்கவைத்து, மிஞ்சியதைப் பொதி கட்டிக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஐந்து பேருக்கும் எந்தப் பந்தியில் இலை என்பதை உங்கள் வீட்டில் ஒருவர் முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் நல்லது.

கடைசியாக மாப்பிள்ளைக்கு ஒரு வேலை. தங்கக் கொடியில் கோத்த தாலியைப் பூட்டுவதற்குப் புதியவர்களுக்கு நேரம் எடுக்கும். நூலில் முடிச்சுப் போடுவது போன்றதன்று. திருகும் பூட்டு என்றால் கழுத்துக்குப் பின்னால், மாலைக்கும் கூந்தலுக்கும் இடையில், அதைத் தடவித்தான் பிடிக்க வேண்டும். நகை வீட்டுக்கு வந்ததும் அந்தப் பூட்டின் மாதிரியில் வேறொரு சங்கிலியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நான்கைந்து தடவை பூட்டிப் பழகச் சொல்லுங்கள். அவர் விரைவாகப் பூட்டிவிட்டாரானால், எங்கள் தவில்காரர்கள் முதல் அடியின் வேகத்திலேயே முடித்துக் குறிஞ்சி ராகத்துக்கு வழிவிட்டுவிடுவார்கள்.